ஜப்பான் கிணற்றுப் பேயைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவர வழி சொல்லுங்கள்

மேடைப்பொடியன் (கேள்வி):

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஹிதேயோ நகாத்தா எடுத்த 'ரிங்கு' (1998) என்ற ஜப்பான் பேய்ப்படத்தைத் தழுவி அரை மணி நேரக் குறும்படம் ஒன்று எடுக்கத் திட்டம். ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர் ஏழு நாளில் சாவார், கிணற்றில் செத்த பெண்ணின் பேய் வரும், பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால் தப்பிக்கலாம், அதுதான் கதை. நம்ம கதை நடக்கிற இடம் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த், நம்ம ஆட்கள் நிறைய வாழ்கிற பகுதி. பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். கோயில் மண்டபத்தில் திரையிடுவோம். முன்வரிசையில் ஆயாக்கள் இருப்பார்கள், பின்வரிசையில் பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள். பிறகு யூடியூபிலும் போட ஆசை.

கையில் இருப்பது ஒரு கேமரா, இரண்டு எல்.இ.டி. பேனல், ஒரு ஒலிப்பதிவுக் கருவி, ஆறு ராத்திரி. முட்டி நிற்கிற இடங்களைச் சொல்கிறேன். நகராட்சி கட்டின கவுன்சில் வீட்டில் கிணறு ஏது? கேசட்டுக்குப் பதில் வாட்ஸ்அப் வீடியோ வைத்தால் எடுபடுமா? வெள்ளை உடுப்பும் விரிச்ச தலையும் நம்ம ஆட்களுக்கு ரொம்பப் பழகின பேய், பார்த்ததும் சிரித்துவிட்டால்? அப்புறம் உரிமை. காசு வாங்காமல் காட்டுகிற படத்துக்கும் அனுமதி வாங்க வேண்டுமா?

பத்திரக்காரர்:

கடைசிக் கேள்விதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும், தம்பி. வாங்க வேண்டும். காசு வாங்குகிறீர்களா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தில் தழுவல் என்பது உரிமையாளருக்கு மட்டும் சொந்தமான காரியம். மண்டபத்தில் காட்டினால் ஒருவேளை யார் கண்ணிலும் படாமல் போகலாம். யூடியூபில் ஏற்றின நிமிஷம் அது வெளியீடு.

இந்தக் கதைக்கு ஒரு கதவு இல்லை, பல கதவு. கோஜி சுசுகியின் நாவல் 1991-ல் வந்தது. அதன் திரை உரிமை ஒன்று, 1998 படத்தின் மறுஆக்க உரிமை இன்னொன்று, 2002-ல் வந்த அமெரிக்கப் படத்தில் புதிதாகச் சேர்த்த குதிரைப் பண்ணை முதலானவை வேறொன்று. தொழில்முறையில் செய்கிறவர்கள் முதலில் 'ஆப்ஷன்' எழுதுவார்கள். முழு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, 12 முதல் 18 மாதம் வரை வேறு யாருக்கும் விற்காமல் நிறுத்திவைப்பது. நாடகக் குழுவின் கடிதத்துக்குப் பதில் வரும் என்று நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

பேரை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். 1922-ல் ஜெர்மனியில் 'நொஸ்ஃபெராட்டு' எடுத்தவர்கள் டிராகுலாவை ஓர்லோக் ஆக்கினார்கள், ஊரை மாற்றினார்கள். எழுத்தாளரின் மனைவி ஃப்ளோரன்ஸ் ஸ்டோக்கர் வழக்குப் போட்டார். 1925-ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. படம் இன்றைக்கு இருக்கிறதென்றால், அழிக்காமல் தப்பின சில பிரதிகளால்தான்.

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) பொதுச்சொத்து, அதை எடுங்கள் என்பார்கள். அமெரிக்காவில் அது உண்மை. படத்தின் பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றினபோது உரிமை அறிவிப்பு வரி விட்டுப்போனது. இங்கே படங்களுக்கு 50 வருடக் கணக்கு, அதுவும் முடிந்துவிட்டது. ஆனால் திரைக்கதை எழுத்துப் படைப்பு. அதற்கு எழுதினவர் காலம் முடிந்து 50 வருடம். எழுதினவர்களில் ஒருவரான இயக்குநர் ரொமேரோ இறந்தது 2017-ல். ஆகவே அதையும் ஒரு வக்கீலிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

சட்டம் காப்பது சொன்ன விதத்தை, கருத்தை இல்லை. 'ஒரு பதிவைப் பார்த்தவருக்குக் கேடு வரும்' என்பது கருத்து. கேசட், போன் மணி, ஏழு நாள், கிணற்றுப் பெண், டி.வி.யிலிருந்து ஊர்ந்து வருவது, பிரதி எடுத்தால் தப்பிப்பது, இத்தனையும் ஒன்றாக வந்தால் அது அந்தப் படம்.

இருட்டறை:

பத்திரக்காரர் அண்ணன் சொன்னதைச் சட்டமாக மட்டும் பார்க்காதீங்க, நல்ல திரைக்கதைப் புத்தியும் அதுதான். ஒரு பேய்ப்படத்தை ஊர் மாற்றும்போது எலும்பு எது, தோல் எது என்று முதலில் பிரிக்கணும். எலும்பு என்பது பேயின் விதி. தோல் என்பது அந்த விதியை நம்பவைக்கிற ஊர்ச் சரக்கு. பெரும்பாலான மறுஆக்கங்கள் தோலை அப்படியே கொண்டுவந்து எலும்பை உடைத்துவிடுகின்றன.

ஜப்பான் படத்தில் அந்தப் பெண்ணின் தாய்க்கு நடக்கிற பொதுமேடைச் சோதனை ஒன்று வருமே, அதில் 1910-ல் தொமோகிச்சி ஃபுகுராய் என்ற அறிஞர் சிசுகோ மிஃபுனே என்ற பெண்ணை வைத்து நடத்திய சோதனைகளின் சாயல் இருக்கிறது. மூடின பொருளுக்குள் எழுதியிருப்பதைக் கண்ணால் பார்க்காமல் படிப்பது. ஜப்பான்காரருக்கு அது பழைய அவமானக் கதை. அமெரிக்காவில் அதற்கு வேர் கிடையாது. அதனால் 2002-ல் தூக்கிப்போட்டுவிட்டுக் குதிரைப் பண்ணையும் மருத்துவமனைப் பதிவும் வைத்தார்கள். 2004-ல் 'தி கிரட்ஜ்' எடுத்த தகாஷி ஷிமிசு வேறு வழி பிடித்தார். தன் படத்தைத் தானே திரும்ப எடுத்தார், டோக்கியோவை மாற்றவில்லை, குடியிருக்க வந்தவர்களை அமெரிக்கர் ஆக்கினார். மொழி தெரியாத ஊரில் அகப்பட்டவர்களின் பயம் இலவசமாகச் சேர்ந்துவிட்டது.

இந்த மொழி விஷயம்தான் உங்களுக்குத் தங்கச் சுரங்கம். நம்ம பக்கத்துப் பாடமே இருக்கிறது. 1993-ல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படம், அதில் பேயாக வருகிற நாகவல்லி பேசுவது தமிழ். கேரளத்து வீட்டில் திடீரென்று தமிழ் கேட்பதுதான் அந்தக் காட்சியின் முதுகெலும்பு. 2005-ல் 'சந்திரமுகி' ஆனபோது தமிழ் எங்களுக்கே தாய்மொழி, எப்படிப் பயம் வரும்? அதனால் தெலுங்கு. 2007-ல் இந்தியில் வங்காளம். 'அந்த வீட்டுக்காரருக்குப் புரியாத மொழி' என்ற எலும்பு மாறவே இல்லை, மொழி மட்டும் மாறியது.

இப்போ டர்பனுக்கு வாங்க. உங்கள் கதாநாயகிப் பிள்ளைக்கு வயசு பதினேழு. வீட்டில் பேசுவது இங்கிலீஷ். அவளுக்குப் புரியாத மொழி எது? நம்ம தமிழ்தான்.

ஆகவே கேசட்டில் வருகிற குரல் தமிழில் ஒரே ஒரு வரி சொல்லட்டும். பிள்ளைக்கு அர்த்தம் தெரியணும். தெரிந்தவர் ஆயா மட்டும். ஆயாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினால்தான் அர்த்தம் கிடைக்கும், காட்டினால் ஆயாவும் அதில் மாட்டுவார். மூலத்தில் பிரதி எடுப்பது செய்கிற வேலையை இங்கே மொழிபெயர்ப்பு செய்கிறது. வாட்ஸ்அப் ஏன் வேண்டாம் என்பதற்கும் இதுவே பதில். ஃபார்வர்டு பண்ண ஒரு விரல் போதும், பாவ உணர்ச்சி வர நேரமே இல்லை. ஒருத்தரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாவம் செய்யணும்.

பழைய கல்யாண வீடியோ கேசட்டாக இருக்கட்டும். ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், போட்டுப் பார்க்க மிஷின் இருக்காது. நம்ம வீடுகளில் அது பொம்மை மாதிரி ஒரு பொருள்.

மேடைப்பொடியன்:

இருட்டறை அண்ணா, கைகொடுங்க. அப்படியானால் கிணறு? குரல் என்ன சொல்லணும்? சப்டைட்டில் போடணுமா?

உம்கேனி அக்கா:

சப்டைட்டில் போட்டால் அத்தனையும் போச்சு, கண்ணு. போடாதீங்க. மண்டபத்தை நினைத்துப் பாருங்க. குரல் வந்ததும் முன்வரிசை ஆயாக்களுக்குப் புரிந்துவிடும், பின்வரிசைக்குப் புரியாது. முன்னால் இருக்கிற தலைகள் அசையாமல் நிற்பதைப் பார்த்தே பின்னால் இருக்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும். இது எந்தக் கேமராவாலும் வராது. யூடியூபில் போடும்போதும் அந்த ஒரு வரிக்கு எழுத்து வராமல் பார்த்துக்கோங்க. தானாக வருகிற எழுத்தை அணைத்துவிடணும்.

வரி சின்னதாக, வீட்டுப் பேச்சாக இருக்கணும். 'பழி வாங்குவேன்' என்றெல்லாம் பேய் பேசினால் சினிமா. 'பொண்ணு எங்கே? தண்ணி எடுத்தாரச் சொன்னேனே' போதும். சென்னைப் படத்துத் தமிழ் வேண்டாம். இங்கே வந்து இறங்கின சனங்களில் நிறையப் பேர் வட ஆற்காட்டுப் பக்கத்து ஆட்கள். நம்ம ஆயாக்கள் இழுக்கிற இழுப்பில் சொல்லணும். நடிக்கத் தெரிந்த சின்னப் பெண்ணைவிட, அறுபது தாண்டின ஒருவரை மெதுவாகப் பேசவைத்துப் பதிந்தால் நல்லது.

உடுப்புக்கு வருகிறேன். ஜப்பானில் வெள்ளை என்பது சவத்துக்கு உடுத்துகிற கிமோனோ, அவிழ்ந்த கூந்தலும் சாவோடு சேர்ந்தது. அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு வெள்ளைச் சேலைப் பேய் காமெடிக்குப் போய் வெகு நாளாச்சு. கல்யாண வீடியோவில் மூன்றாவது வரிசையில் நிற்கிற யாரோ ஒரு பெண், எண்பதுகளின் நைலக்ஸ் சேலை, வாரிப் பின்னின தலை, கனகாம்பரம். எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்க்கும்போது அவள் மட்டும் கேமராவைப் பார்க்கிறாள். பிறகு வீட்டில் தோன்றும்போதும் அதே சேலை, அதே பின்னல், ஈரமாக. நைலக்ஸ் நனைந்தால் உடம்போடு ஒட்டும், பருத்தி மாதிரி தொங்காது. தண்ணீர் சீக்கிரம் காயும், அதனால் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து கூந்தலிலும் முகத்திலும் தடவுங்க. தரையில் சிந்தினால் டைல்ஸ் வழுக்கும். நடிக்கிற பிள்ளை விழுந்தால் உங்கள் ஆறு ராத்திரியும் காலி.

டோக்கொலோஷியையோ ஹைவே ஷீலாவையோ உள்ளே இழுக்காதீங்க. முதலாவது ஜூலு மக்கள் நம்புகிற குட்டிப் பேய், அதற்கு எட்டாமல் இருக்கக் கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைப்பதைக் காட்டினால் அலங்காரமாகத்தான் நிற்கும். இரண்டாவது நம்ம ஹிக்கின்சன் ஹைவேயில் வருகிற பெண் பேயின் கதைதான், ஆனால் ஆளுக்கு ஒரு வடிவம் தெரியும். படம் ஓடும்போதே 'அப்படி இல்லைடா' என்று திருத்த ஆரம்பிப்பார்கள்.

ஒலிப்பெட்டி:

கிணறு உங்கள் பின்முற்றத்திலேயே நிற்கிறது. ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணித் தொட்டி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் போன பிறகு அந்தப் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணி இல்லை. தொட்டியைத் தட்டித் தட்டி எவ்வளவு மிச்சம் என்று பார்க்காத கை டர்பனில் குறைவு.

அந்தத் தட்டல்தான் உங்கள் நாட்காட்டி. தண்ணி மட்டத்துக்கு மேலே தட்டினால் 'டொம்' என்று அதிரும், கீழே தட்டினால் 'தப்' என்று செத்துப்போகும். தொட்டியைச் சுற்றி வரிவரியாக மேடு இருக்கும். முதல் ராத்திரி பிள்ளை தட்டுகிறாள், கீழிருந்து இரண்டாவது வரியில் சத்தம் மாறுகிறது. சாக்கட்டியால் கோடு போடுகிறாள். மழை இல்லை, குழாயில் வரத்து இல்லை. மறுநாள் மூன்றாவது வரி. அதற்கடுத்த நாள் நான்காவது. மூடி வரைக்கும் வரும்போது என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இதை எடுக்க ஒவ்வொரு மட்டத்துக்கும் தண்ணி நிரப்ப வேண்டாம். பாதி நிறைந்த ஒரு தொட்டி போதும். மட்டத்துக்கு மேலே இருபது தட்டு, கீழே இருபது தட்டு. விரல் முட்டியால் ஒரு தடவை, மரக்கரண்டியால் ஒரு தடவை. மைக் ஒன்று சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, இன்னொன்று மூடியைத் திறந்து வாயருகே. படத்தில் கை எந்த வரியில் இருந்தாலும் எடிட்டில் சத்தத்தை நீங்கள் வைக்கிறீர்கள். கெடுக்கிற விஷயம் ஒன்றுதான், பக்கத்து வீட்டு நாய். தட்டுகிற சத்தத்துக்கு அது குரைக்காமல் இருக்காது. பகலிலேயே பதிந்துவிடுங்கள்.

ஆளைத் தொட்டிக்குள் இறக்கவே கூடாது. காலித் தொட்டியானாலும் காற்று இருக்காது, வழுக்கும், வாய் சின்னது. உள்ளே காட்டணும் என்றால் பாழான தொட்டி ஒன்றின் அடியை அறுத்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, கேமராவையும் படுக்கவைத்து எடுங்கள். திரையில் நிமிர்ந்து நிற்கும். கூந்தல் தொங்குகிற திசை மட்டும் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் பின்னல் போட்ட தலையே நல்லது. அக்கா சொன்னது இங்கேயும் உதவுகிறது.

ஜப்பான் படத்தில் அந்தப் பெண் நடக்கிற நடை எப்படி வந்தது தெரியுமா? நடித்தவர் ரியே இனோ. பின்பக்கமாக நடக்கவிட்டுப் படமெடுத்து, பிலிமைத் தலைகீழாக ஓட்டினார்கள். உங்களாலும் முடியும். நடிகை கேமராவுக்குப் பக்கத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகட்டும், எடிட்டில் திருப்பினால் நம்மை நோக்கி வருவாள். காலடி ஏறக்குறைய சரியாகத்தான் தெரியும், எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் போகிற நேரம்தான் தப்பாக இருக்கும். பயம் அங்கேதான். சேலையில் மட்டும் தகராறு. திருப்பினதும் முந்தானை அவளுக்கு முன்னால் பறக்கும், சனம் சிரிக்கும். மூன்று ஊக்கு போட்டு முதுகோடு குத்திவிடுங்கள். தண்ணி சொட்டினால் துளி மேலே ஏறும். அந்த ஒரு ஷாட்டுக்குத் தலையைப் பிழிந்துவிட்டுக் கிளிசரின் மட்டும் போதும். பின்னால் ஊதுபத்திப் புகை, ஃபேன் காற்றில் ஆடுகிற திரை எதுவும் ஃபிரேமில் இருக்கக் கூடாது. நான்கு வினாடிக்கு மேல் காட்டாதீர்கள், கண் கண்டுபிடித்துவிடும்.

கேசட் பிம்பத்துக்கு ஃபில்டர் போடாதீர்கள், எல்லாருக்கும் தெரிந்துபோகும். எடுத்ததை நிஜ வி.எச்.எஸ். கேசட்டில் ஏற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு. மூன்றாவது பிரதியில் சிவப்பு ஓரம் தாண்டி ஒழுகும், அடியில் ஒரு பட்டை கிழிந்து ஆடும். கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற மலிவான யு.எஸ்.பி. பிடிப்பான்கள் சமிக்ஞை கலைந்தால் நீலத் திரை காட்டும் அல்லது உறையும். அதனால் பழைய குழாய் டி.வி.யில் ஓட்டி, திரையையே கேமராவால் எடுங்கள். நம்ம ஊர் டி.வி. 'பால்' (PAL) முறை, ஆகவே வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வினாடியில் 50-ல் ஒன்று. 60-ல் வைத்தால் கருப்புப் பட்டை உருளும். டி.வி.யின் பின்மூடியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் நிற்கும்.

இன்னொன்று. டர்பன் ஈரக் காற்றுக்குப் பழைய கேசட் பூஞ்சை பிடிக்கும், ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடா ஓரத்தில் வெள்ளைத் தூள். அதை அப்படியே குளோசப்பில் எடுங்கள், அழகாக இருக்கும். ஆனால் மிஷினில் போட்டுவிடாதீர்கள், ஹெட் அடைத்து அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

மேடைப்பொடியன்:

கதையை 2023-ல் வைத்து, முறைவைத்துக் கரண்ட் நிறுத்தின லோட் ஷெடிங் இருட்டில் எடுக்கலாமா?

ஒலிப்பெட்டி:

வைக்கலாம், 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் நின்றுவிட்டதால் இப்போது அது கொஞ்சம் பழைய காலம் மாதிரியே இருக்கும். ஆனால் கரண்ட் போகிற நேரத்தில் பேயைக் காட்டாதீர்கள், எல்லாரும் அங்கேதான் எதிர்பார்ப்பார்கள். கரண்ட் திரும்பி வருகிற நேரம் பாருங்கள். அலாரம் கீபேட் பீப் அடிக்கும், ஃபிரிட்ஜ் உதறி எழும், தெருமுழுக்க நாய். எல்லாரும் மூச்சு விடுகிற அந்த நொடியில் பழைய டி.வி. தானாக எரியட்டும். விளக்குக்கு, கரண்ட் போனால் தானே எரிகிற சார்ஜ் பல்பு ஒன்றே போதும். நீலம் கலந்த வெளிச்சம், கேமரா வெண்சமநிலையை (white balance) 4300 கெல்வின் பக்கம் வைத்தால் அந்த நீலம் அப்படியே நிற்கும். மலிவான பல்பு கேமராவில் துடிக்கும், பத்து வினாடி எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பத்திரக்காரர்:

தண்ணித் தொட்டி, மொழிபெயர்ப்பு, ஆயா. இப்போது இது உங்கள் கதை மாதிரி இருக்கிறது. இன்னும் மூன்றை விடுங்கள்: போன் மணி, டி.வி.யிலிருந்து ஊர்ந்து வருவது, ஏழு. தொட்டியின் வரியை எண்ணுங்கள், நாட்களை எண்ணாதீர்கள், வரி ஏழாகவும் இருக்க வேண்டாம். முடிவும் உறுத்துகிறது. மூலத்தில் தாய் தன் அப்பாவுக்குக் காட்டக் கிளம்புகிறாள். பேத்தி ஆயாவைப் பலி கொடுத்தால் அதே நிழல்.

உம்கேனி அக்கா:

ஆயா பலியாக வேண்டாம். ஆயாவுக்கு வரி புரிகிறது, யார் குரல் என்றும் தெரிகிறது. பிள்ளை 'வாட் இஸ் ஷீ சேயிங், ஆயா?' என்று கேட்கிறாள். ஆயா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொல்கிறார், 'ஒன்றுமில்லை கண்ணு, மணப்பெண்ணை வாழ்த்துகிறாள்' என்று. பொய். முன்வரிசை அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும், பின்வரிசைக்குத் தெரியாது. பிள்ளை நிம்மதியாக எழுந்து தண்ணி எடுக்கப் போகிறாள்.

ஒலிப்பெட்டி:

அக்கா! அப்படியானால் அந்த இடத்தில் இசை கூடாது தம்பி. டி.வி.யின் இரைச்சலை மட்டும் விட்டுவைங்க. பின்முற்றத்துக் கதவு திறக்கிற சத்தம், பிள்ளை வழக்கம்போல ஒரு தட்டு, மூடிக்குக் கீழே கடைசி வரியில். 'தப்'. பதிவு செய்யும்போது அந்தத் தட்டைத் தனியாக எடுத்துக்கோங்க, மைக்கைத் தொட்டிச் சுவரோடு ஒட்டிவைத்து. தள்ளி வைத்த மைக்கில் அது வெறும் தட்டலாகத்தான் கேட்கும்.